இழுக்க மறுக்கும் எஞ்சின்: எச்சரிக்கை விளக்குகளும் உப்புக் காற்றும்

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று இழுவை இழப்பது இரண்டு வகையில் நேரும். எஞ்சினுக்குத் தேவையான காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகியவற்றில் ஏதோ ஒன்று உண்மையாகவே தடைபடுவது முதல் வகை. எல்லாம் கிடைத்தும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி தானே முடிவெடுத்துச் சக்தியைக் குறைத்துவிடுவது இரண்டாவது வகை. ஓட்டுபவரின் காலுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் பிக்கப் இருக்காது. உடனே நிறுத்த வேண்டுமா, மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாமா என்பதை அந்த நேரத்தில் சொல்லக்கூடியது டேஷ்போர்டில் எரியும் விளக்கு ஒன்றுதான்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை ஒட்டிய பகுதியில் இந்த அறிவு இன்னும் அவசியமாகிறது. கிழக்கே வங்கக் கடல். நடுவே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும். சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள். வேகமாகப் போகும் பேருந்துகளும் உப்பு மூட்டை ஏற்றிய லாரிகளும் அளத்துத் தொழிலாளர்களின் இருசக்கர வண்டிகளும் ஒரே சாலையில் ஓடுகின்றன. இங்கே ஒரு கார் நடுவழியில் நின்றால் ஒதுங்குவதற்குக் கெட்டியான நிலம் எல்லா இடத்திலும் இல்லை. அதோடு, காற்றில் கலந்துள்ள உப்பே காரின் மின் இணைப்புகளை அரித்து, விளக்கு எரிவதற்கும் வண்டி நிற்பதற்கும் ஒரு காரணமாகிறது.

விளக்கின் நிறம் சொல்வது

டேஷ்போர்டுச் சின்னங்களின் வடிவங்களை ஐ.எஸ்.ஓ. 2575 என்ற பன்னாட்டுத் தரநிலை வரையறுக்கிறது. அதனால்தான் எந்த நிறுவனத்தின் காரிலும் எண்ணெய்க் குவளையும் பேட்டரியும் எஞ்சின் உருவமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. நிறங்களுக்கும் ஒழுங்கு உண்டு. சிவப்பு என்றால் ஆபத்து. பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் ஏதோ ஒழுங்காக இல்லை. வேகத்தைக் குறைத்து, விரைவில் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பச்சையும் நீலமும் ஒரு கருவி இயங்கிக்கொண்டிருக்கிறது என்று மட்டுமே தெரிவிப்பவை.

எஞ்சினைப் பொறுத்தவரை மூன்று சிவப்பு விளக்குகள் முக்கியமானவை. முதலாவது ஆயில் பிரஷர் விளக்கு. உராயும் பாகங்களுக்கு இடையே எண்ணெயை அழுத்தித் தள்ளும் விசை குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். எண்ணெய்ப் படலம் இல்லாமல் ஓடினால் பேரிங்குகள் சில நிமிடங்களில், சில நேரம் அதற்கும் முன்பே, தேய்ந்து இறுகிவிடும். எனவே ஊர் வரும்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கே இங்கு இடமில்லை. இரண்டாவது, எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானி விளக்கு. மூன்றாவது, பேட்டரி வடிவ விளக்கு. பேட்டரி கெட்டுவிட்டது என்றே பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் ஆல்டர்னேட்டர் மின்சாரம் ஏற்றவில்லை, வண்டி பேட்டரியின் இருப்பைத் தின்று ஓடுகிறது என்பதையே இது பெரும்பாலும் காட்டுகிறது.

மஞ்சள் விளக்குகளில் தலையானது எஞ்சின் உருவம் கொண்ட செக் எஞ்சின் விளக்கு. இது நிலையாக எரிவதும் விட்டுவிட்டு மின்னுவதும் வெவ்வேறு செய்திகள். நிலையாக எரிந்தால் ஒரு பழுது பதிவாகியிருக்கிறது. வண்டி வழக்கம்போல ஓடினால் கவனமாகச் சேருமிடம் போகலாம். மின்னினால் சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் நழுவுகிறது. அந்த எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. கன்வர்ட்டரின் உள்ளே இருக்கும் பீங்கான் கூடு அந்தச் சூட்டில் உருகி, புகை வெளியேறும் வழியையே அடைத்துவிடக்கூடும். புகை வெளியேற முடியாத எஞ்சினுக்குப் புதுக் காற்றை உள்ளிழுக்கவும் முடியாது. சில நூறு ரூபாய் ஸ்பார்க் பிளக்கில் தொடங்கிய கோளாறு பல ஆயிரம் ரூபாய்ச் செலவில் முடிவது இந்த வழியில்தான்.

விளக்குக்குப் பின்னால் உள்ள சட்டம்

செக் எஞ்சின் விளக்கு எஞ்சினைக் காப்பதற்காக மட்டும் பிறந்ததன்று. காற்றைக் காப்பதற்காகவும் பிறந்தது. வாகனப் புகையால் திணறிய அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், 1988ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து தன்னைத்தானே சோதிக்கும் கருவி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஓ.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டின் இரண்டாம் தலைமுறை 1996 முதல் அமெரிக்கா முழுவதும் கட்டாயமானது. 16 முனைகள் கொண்ட ஒரே வகைச் செருகுதுளையும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பழுது எண்களும் அப்போது வந்தவை.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற வாகனப் புகை விதிகளோடு 2010 ஏப்ரல் 1 முதல் ஓ.பி.டி.யின் முதல் கட்டமும், 2013 ஏப்ரல் 1 முதல் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாம் படியைத் தாண்டி 2020 ஏப்ரல் 1 முதல் நாடு நேராக பாரத் ஸ்டேஜ் 6க்குச் சென்றது. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. 2023 ஏப்ரல் முதல் அமலான பாரத் ஸ்டேஜ் 6இன் இரண்டாம் கட்டம், ஆய்வுக்கூடத்தில் மட்டுமின்றிச் சாலையில் ஓடும்போதும் புகையின் அளவு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்றது. விதி இறுக இறுக உணரிகளின் எண்ணிக்கை பெருகியது. விளக்கு எரியக் காரணங்களும் பெருகின. பழைய கார்புரேட்டர் வண்டிகளைவிடப் புதிய வண்டிகள் அடிக்கடி எச்சரிப்பதால் அவை தரம் குறைந்தவை ஆகிவிடா. முன்பு யாரும் அளந்து பார்க்காத பழுதுகள் இப்போது அளக்கப்படுகின்றன.

கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது

எஞ்சின் கணினி நேரடியாக எதையும் பார்ப்பதில்லை. உணரிகள் அனுப்பும் மின்னழுத்தத்தை மட்டுமே படிக்கிறது. பல உணரிகளின் செய்தி 0 முதல் 5 வோல்ட்டுக்குள் அடங்கும். வழக்கமான ஆக்சிஜன் உணரியின் செய்தியோ 0.1 முதல் 0.9 வோல்ட் வரைதான். கிராங்க் தண்டோடு சுழலும் பற்சக்கரத்தைக் காந்த உணரி ஒன்று கவனிக்கிறது. பல எஞ்சின்களில் அதில் 60 பற்களுக்கான இடமிருந்தும் 58 பற்களே இருக்கும். பல் இல்லாத அந்த இடைவெளி கடக்கும் கணத்தை வைத்துப் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை வெடிக்கிறது. ஒரு வெடிப்பு தவறினால் தண்டின் வேகம் கணநேரம் குறையும். அந்த நுண்ணிய தடுமாற்றத்தைக் கொண்டே, தவறியது எந்தச் சிலிண்டர் என்பதைக் கணினி கண்டுபிடிக்கிறது.

ஆக்சிலரேட்டரும் இப்போது கம்பியால் இழுக்கப்படுவதில்லை. மிதிக்கு அடியில் இரண்டு உணரிகள் இருக்கின்றன. ஒன்று காட்டும் மின்னழுத்தமும் மற்றது காட்டும் மின்னழுத்தமும் எப்போதும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருக்க வேண்டும். காற்று நுழையும் திராட்டில் கதவிலும் இதே போல இரண்டு. இரு சாட்சிகளும் முரண்பட்டால் எதை நம்புவது என்று கணினிக்குத் தெரியாது. ஓட்டுபவர் கேட்காமல் வண்டி சீறிப் பாய்வதைவிடத் தளர்ந்து போவதே மேல் என்ற கணக்கில் அதன் நிரல் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே சக்தியைக் குறைக்கிறது.

இந்த நிலைக்கு மெக்கானிக்குகள் வழங்கும் பெயர் லிம்ப் மோடு. திராட்டில் கதவு சிறிதளவே திறக்கும். டர்போவின் அழுத்தம் நிறுத்தப்படும். எஞ்சினின் சுற்று பல வண்டிகளில் 3,000ஐத் தாண்டாது. ஆட்டோமேட்டிக் கியர் ஒரே படியில் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் செத்துவிடவில்லை. அடுத்த ஊர்வரை மெதுவாகப் போகும் அளவுக்குச் சக்தியை விட்டுவைத்து, மீதியை எஞ்சினின் பாதுகாப்புக்காகக் கணினி பிடித்து வைத்திருக்கிறது. இதை உணராமல் ஆக்சிலரேட்டரை அடித்து மிதிப்பதால் பயன் இல்லை. முந்திச் செல்லும் நடுவில் இது நேர்ந்தால், முயற்சியைக் கைவிட்டு இடப்பக்கம் திரும்பி வருவதே உயிர்காக்கும் முடிவு.

உண்மையிலேயே சக்தி போகும் இடங்கள்

எரிபொருள் தடைபடுவது முதல் காரணம். தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பம்ப்தான் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுகிறது. இந்தியாவில் பம்ப் பழுதுக்குப் பெரிய உதாரணம் 2020இல் நிகழ்ந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் ஹோண்டா கார்ஸ் இந்தியா, 2018இல் தயாரித்த 65,651 கார்களைப் பம்ப் மாற்றுவதற்காகத் திரும்ப அழைத்தது. ஜூலையில் மாருதி சுசுகி, வேகன் ஆர், பலேனோ மாடல்களில் 1,34,885 கார்களை இதே போன்ற ஐயத்தின் பேரில் அழைத்தது. அதே காலத்தில் ஜப்பானின் டென்சோ நிறுவனம் தயாரித்த பம்புகளுக்காக டொயோட்டா உள்ளிட்ட நிறுவனங்கள் உலகெங்கும் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தன. அந்தப் பம்பில் எரிபொருளைச் சுழற்றித் தள்ளும் பிளாஸ்டிக் சக்கரம் போதிய அடர்த்தி இல்லாமல் வார்க்கப்பட்டிருந்ததால் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, கூட்டோடு உரசி நின்றது. பம்ப் நின்றால் ஓட்டத்திலேயே எஞ்சின் அணைந்துவிடும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. தன் காரின் சேஸி எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்து, அப்படி ஓர் அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று உரிமையாளர் பார்த்துக்கொள்ளலாம்.

தீப்பொறி தடைபடுவது இரண்டாவது. ஒவ்வொரு பிளக்கின் மேலும் உட்காரும் இக்னிஷன் காயில் சூட்டிலும் ஈரத்திலும் விரிசல் விட்டால், அந்தச் சிலிண்டர் வெடிக்காது. நான்கு சிலிண்டர் எஞ்சின் மூன்றில் ஓடி நடுங்கும். ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்று சொல்லப்படுவது இதுதான். கிராங்க் உணரி பழுதானால் எந்தச் சிலிண்டருக்கு எப்போது தீப்பொறி தருவது என்றே தெரியாமல் எஞ்சின் முழுதாக நிற்கும். சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி ஓடும் வண்டிகளில் இந்த உணரியை முதலில் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது காற்று. டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாய் கழன்றாலோ கிழிந்தாலோ ஒரு சீறலோடு பிக்கப் போய்விடும். டீசல் வண்டியானால் கரும்புகையும் தள்ளும். அடைத்த ஏர் ஃபில்டரும், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து போவதும் இதையே மெதுவாகச் செய்கின்றன.

நான்காவது, பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களுக்கே உரிய கரி வடிகட்டி. அதில் சேரும் கரியை ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் கணினி அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்கிறது. அதற்குக் கார் சில நிமிடங்களாவது தொடர்ந்து சீரான வேகத்தில் ஓட வேண்டும். சென்னை நெரிசலில் மட்டும் ஓடும் கார்களில் இந்த வேலை பாதியிலேயே நின்றுபோகும். கரி ஏறி விளக்கு எரியும். முதல் கட்ட எச்சரிக்கையின்போது கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற ஒன்றில் 15, 20 நிமிடம் ஒரே சீராக ஓட்டினால் வடிகட்டி பெரும்பாலும் தெளிந்துவிடும். அதையும் பொருட்படுத்தாமல் விட்டால் லிம்ப் மோடு வரும். பிறகு சர்வீஸ் சென்டரில்தான் தீர்வு.

ஐந்தாவது மின்சாரம். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். ஓய்வில் உள்ள நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டால் அந்த 12.6 படிப்படியாக இறங்கும். ஹெட்லைட்டும் ஏ.சி.யும் ஓடும் இரவில் இது இன்னும் விரைவாக நடக்கும். மின்னழுத்தம் தளர்ந்ததும் பெட்ரோல் பம்ப் சோர்கிறது, இன்ஜெக்டர் திறப்பு தாமதிக்கிறது, ஏ.பி.எஸ்., ஸ்டீயரிங், ஏர்பேக் என ஒவ்வொரு கணினியும் தன் விளக்கைப் போடுகிறது. ஒரே நேரத்தில் நான்கைந்து விளக்குகள் எரிந்தால் நான்கைந்து பாகங்கள் ஒரே நொடியில் கெட்டுவிட்டன என்று பயப்பட வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான மின்சாரத்திலோ எர்த் இணைப்பிலோதான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

உப்பு செய்யும் வேலை

தூத்துக்குடி, வேதாரண்யம் போலவே மரக்காணமும் உப்புக்குப் பெயர்போன ஊர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரி வாக்கில் பாத்திகளைச் சீர்செய்து, கோடை முழுவதும் உப்பு வாருகிறார்கள். உப்பு விளைய உதவும் வெயிலும் காற்றும்தான் உலோகம் அரிக்கவும் உதவுகின்றன. அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் கடல்காற்று உள்ளே கொண்டுவருகிறது. கரையை ஒட்டிய சில நூறு மீட்டரில் இதன் படிவு மிக அதிகம். உள்ளே செல்லச் செல்லக் குறையும். பாத்தி வரப்புகளிலிருந்து பறக்கும் உப்புத் தூளும், ஈர உப்பு ஏற்றிய லாரிகளிலிருந்து சாலையில் சொட்டி மற்ற வண்டிகளின் அடிப்பாகத்தில் தெறிக்கும் நீரும் இதோடு சேர்கின்றன.

தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. உப்பு வாரியபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் அது செறிந்திருக்கிறது. இது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கும். இந்தக் கடற்கரையில் காற்று அந்த அளவுக்கு வறண்டுபோவது அரிது. எனவே காரின் உலோகத்தில் படிந்த கடல் உப்பு பகலிலும் முழுதாக உலர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரப்படலம் மின்சாரத்தைக் கடத்துகிறது. செம்பும் அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் அது ஒரு சிறு மின்கலமாகவே மாறி, வலுக்குறைந்த உலோகத்தைக் கரைக்கிறது. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தக் கடலோர அரிப்பை ஆராயவே மண்டபம் என்ற கடலோர ஊரில் ஓர் ஆய்வு நிலையத்தை நடத்தி, உலோகத் தகடுகளைக் கடல்காற்றில் வைத்து அவை தேயும் வேகத்தை அளந்துவந்துள்ளது.

காரில் முதலில் பாதிக்கப்படுவது கனெக்டர்கள். முனைகளில் பச்சைக் களிம்பு படிகிறது. ரப்பர் உறை விரிந்த இடத்தில் நுழையும் ஈரம், கம்பியின் இழைகளுக்கு இடையே ஏறி, வெளியே நல்லதாகத் தெரியும் வயரை உள்ளே கருக்கிவிடுகிறது. உணரி ஒழுங்காக இருந்தும் அதன் செய்தி திரிந்து போய்ச் சேர்கிறது. மிதியின் இரு உணரிகளில் ஒன்றின் முனையில் களிம்பேறினால், விகிதம் தவறியதாகக் கணினி முடிவுசெய்து லிம்ப் மோடுக்குப் போகும். காலையில் ஈரத்தோடு எரிந்த விளக்கு, நண்பகல் வெயிலில் தானே அணைவதும் இதனால்தான்.

அடுத்தது எர்த் இணைப்பு. எஞ்சினையும் காரின் உடலையும் பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்கும் பட்டைக் கம்பிகள் அடிப்பாகத்தில் திறந்து கிடக்கின்றன. போல்ட்டின் அடியில் துரு ஏறி அங்கே வெறும் 0.01 ஓம் மின்தடை கூடினாலும், ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது 2 வோல்ட் அந்த இடத்திலேயே தொலைந்துவிடும். 12 வோல்ட் ஏற்பாட்டில் அது பெரிய இழப்பு. எர்த் நிலையாக இல்லாவிட்டால் எல்லா உணரிகளின் பூச்சியமும் நகரும். அப்போது கணினி படிக்கும் ஒவ்வோர் அளவும் பிழையாகும். விலை உயர்ந்த உணரிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றியும் தீராத பழுது, ஒரு போல்ட்டைக் கழற்றித் தேய்த்து முறுக்கியதும் தீர்வது இப்படிப்பட்ட வண்டிகளில்தான்.

ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளும் உப்புக் காற்றில் உதிர்கின்றன. உதிர்ந்தால் வெப்பம் வெளியேறும் பரப்பு குறையும், ஏ.சி.யோடு மே மாத வெயிலில் ஓடும்போது சூடு ஏறும். இங்கு இன்னொரு பழக்கமும் கேடு செய்கிறது. கூலன்ட் குறைந்தால் கைக்குக் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். கடலோர நிலத்தடி நீரில் உப்பு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் உள்ளிருந்தே குழி பறிக்கும். கூலன்ட்டோ வடிகட்டிய நீரோ இல்லாத அவசரத்தில் குடிநீரை ஊற்றலாம். ஊருக்குப் போனதும் அதை வடித்து, சரியான கூலன்ட்டால் நிரப்பிவிட வேண்டும்.

வெள்ளம்

உப்பு மெதுவாகச் செய்வதை வெள்ளம் ஒரு நொடியில் செய்துவிடும். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தை ஒட்டிய கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. தேங்கிய நீரில் கார் இறங்கும்போது காற்று நுழையும் குழாய்வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போகலாம். பெட்ரோல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகவும், டீசல் எஞ்சின் பதினாறில் ஒரு பங்காகவும் நசுக்கும். தண்ணீரை அப்படி நசுக்க முடியாது. மேலேறும் பிஸ்டன் அதில் மோதி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. முதலில் நின்றபோது பிழைத்த எஞ்சின், சாவியை மீண்டும் திருப்பும்போது உடைவதுண்டு. பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியைக் கட்டி இழுத்துப் போய், பிளக்குகளை அல்லது இன்ஜெக்டர்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினைச் சுழற்ற வேண்டும். வெள்ளத்தில் மீண்டும் ஸ்டார்ட் செய்ததால் உடைந்த எஞ்சினை வழக்கமான காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. அதற்குத் தனியாக எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும்.

சாலையில் செய்ய வேண்டியவை

ஓட்டத்தில் எஞ்சின் அணைந்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் போய்விடுவதில்லை. அவற்றுக்கு உதவும் விசைதான் போகிறது. பிரேக் பூஸ்டரில் தேங்கிய வெற்றிடம் இரண்டு மூன்று அழுத்தங்களுக்குப் போதும். ஆகவே விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்டீயரிங் கனமாகும், இரு கையாலும் பலமாகத் திருப்பலாம். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை எடுக்கவே கூடாது. எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். சாவி நழுவுவது எவ்வளவு கொடியது என்பதை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அனுபவம் காட்டியது. அதன் சிறிய கார்கள் சிலவற்றில் இக்னிஷன் சுவிட்ச் தளர்ந்து, ஓட்டத்திலேயே எஞ்சின் அணைந்ததோடு ஏர்பேக்கும் செயலிழந்தது. 2014இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு அந்தச் சுவிட்சே காரணம் என்று நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியம் ஏற்றது.

சக்தி குறைந்ததும் நான்கு இண்டிகேட்டர்களையும் போட்டு, மிச்சமுள்ள ஓட்டத்தைக் கொண்டே இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். உப்பளங்களை ஒட்டிய இடங்களில் தார் விளிம்பைத் தாண்டினால் களிமண் புதையும். கெட்டியான ஓரமோ பேருந்து நிறுத்தமோ வரும்வரை உருட்டிப் போவது நல்லது. நிறுத்தியதும் அனைவரும் இடப்பக்கக் கதவால் இறங்கி, சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். இரவானால் இன்னும் தூரம். தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033, காயம் இருந்தால் 108.

சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் எஞ்சினை மீண்டும் இயக்கக்கூடாது. சூட்டு விளக்கு என்றால் அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். அழுத்தத்தில் உள்ள கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்து பிக்கப் போயிருந்தால், சாவியை அணைத்து, சில நிமிடம் கழித்து ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். தற்காலிக முரண்பாடாக இருந்தால் சக்தி திரும்பும். திரும்பினாலும் பழுது தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை. பதிவு நினைவகத்தில் இருக்கிறது, மெக்கானிக் அதைப் படிக்க வேண்டும்.

பழுது எண்ணைப் படிப்பது

ஸ்கேனரைச் செருகியதும் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட எண் ஒன்று வரும். எஞ்சின் தொகுதியைக் குறிக்கும் P எழுத்தை அடுத்து 0300 என்றால் சிலிண்டர்கள் ஒழுங்கின்றி வெடிக்கத் தவறுகின்றன. 0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை. 0335 கிராங்க் உணரியின் சுற்று. 0562 மின்னழுத்தக் குறைவு. 0171 காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. எண் காட்டுவது எந்த அளவு பிறழ்ந்தது என்பதை மட்டுமே. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. 0171 வந்தால் ஆக்சிஜன் உணரியை மாற்றுவது பரவலான தவறு. உணரி உண்மையைத்தான் சொல்கிறது. ஏதோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் கூடுதல் காற்று நுழைந்துகொண்டிருக்கலாம். எண்ணோடு, பழுது நேர்ந்த கணத்தின் வேகம், சூடு, சுற்று ஆகியவையும் பதிவாகியிருக்கும். அவற்றையும் சேர்த்துப் படிப்பவரே நல்ல மெக்கானிக். பேட்டரியைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பது இந்தச் சான்றுகளையெல்லாம் அழித்துவிடும்.

உப்புக் கரையில் ஓடும் காருக்குப் பரிசோதனையின் வரிசையும் சற்று மாற வேண்டும். முதலில் பேட்டரி முனைகள், எர்த் பட்டைகள். அடுத்து பழுது எண் சுட்டும் உணரியின் கனெக்டர். அதன்பின் எலி கடித்த வயர், கழன்ற குழாய். கடைசியில்தான் உணரியும் பாகங்களும். காரின் அடிப்பாகத்தை வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரால் கழுவினால் படிந்த உப்பு கரைந்து போகும். எஞ்சின் அறைக்குள் மட்டும் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சக்கூடாது. உப்பு புகாத கனெக்டருக்குள்ளும் அது நீரை ஏற்றிவிடும். சர்வீஸின்போது பேட்டரி முனைகளையும் எர்த் போல்ட்டுகளையும் துடைத்து வாசலைன் அல்லது அதற்குரிய கிரீஸ் பூசுவதும், மழைக்காலத்துக்கு முன்பு கனெக்டர்களின் ரப்பர் உறைகளைப் பார்ப்பதும் அதிகச் செலவில்லாத வேலைகள். இவற்றைத் தவறாமல் செய்தால், உப்பினால் எரியும் எச்சரிக்கை விளக்குகளில் பெரும்பாலானவற்றை அவை எரியும் முன்பே தடுத்துவிடலாம்.